ஒரு புல்தரை, இருபது குளோவர்: காட்டுச் செடியிலும் பயிர்ச் செடியிலும் மரபு வேற்றுமையை அளந்து பார்க்க முழு வழிகாட்டி

கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மின்கோபுரங்கள் வரிசையாகப் போகிற நீளமான புல்வெளி ஒன்று இருக்கிறது. ஜூன் மாதம் வந்தால் அதில் பாதி வெள்ளைக் குளோவர்தான், மூன்று சிற்றிலை கொண்ட தீவனச் செடி. நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், நடைக்கு வருகிற நம்மூர்ப் பெரியவர்கள் எல்லோரும் அதன் மேல்தான் மிதித்துப் போகிறார்கள். எல்லாம் ஒன்றுபோல இருக்கிற களை என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். குனிந்து உட்கார்ந்து இலையைப் பார்த்த பிறகுதான் பக்கத்துப் பக்கத்துச் செடிகள்கூட ஒன்றுக்கொன்று அந்நியம் என்று புரிந்தது.

குளோவரில் மரபு வேற்றுமை எங்கே இருக்கிறது, அதை எப்படி எடுத்துப் பார்ப்பது, பார்த்ததை எப்படி எண்ணாக்குவது, எங்கே ஏமாறுவோம் என்று முழுக்கச் சொல்லப் போகிறேன். கல்லூரியில் தாவரவியல் படிக்கிறவர்கள், செயல்திட்டம் தேடுகிற பிளஸ் டூ பிள்ளைகள், சும்மா ஆர்வம் உள்ளவர்கள் எல்லோருக்கும்தான். பாதி வேலைக்குக் கண்ணும் ஒரு நோட்டும் போதும், மீதிக்கு ஆய்வுகூடம் வேண்டும்.

முதல் படி: அது குளோவர்தானா?

சிரிக்காதீர்கள், இங்கேதான் பாதிப்பேர் தவறுகிறார்கள். மூன்று இலை இருந்தால் குளோவர் என்று நம் ஆட்கள் பறித்து வருவது பெரும்பாலும் புளியாரை. புளியாரையின் சிற்றிலை நுனியில் பிளந்து இதய வடிவில் இருக்கும், வாயில் போட்டால் புளிக்கும், பூ மஞ்சள், தனித்தனிப் பூ. குளோவரின் சிற்றிலை முட்டை வடிவம், ஓரத்தில் மிக நுணுக்கமான பல், பூக்கள் ஒரு குஞ்சமாகச் சேர்ந்திருக்கும். நாலிலை உள்ள ஆரைக்கீரை வேறு வகை, அது பெரணிக் குடும்பம். இதற்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை.

குளோவர் பேரினத்தில் ஏறக்குறைய 250 இனங்கள் உண்டு. நீங்கள் சந்திக்கப் போவது பெரும்பாலும் இரண்டு. வெள்ளைக் குளோவர் நிலத்தோடு படர்ந்து ஓடுதண்டு விடும், கணுவுக்குக் கணு வேர் ஊன்றும், இலையில் முடி கிடையாது. பூக்குஞ்சம் இலையில்லாத ஒற்றைக் காம்பின் உச்சியில் நிற்கும். சிவப்புக் குளோவர் நிமிர்ந்து வளரும், தண்டிலும் இலையிலும் மெல்லிய முடி, பூக்குஞ்சத்துக்குக் கீழே ஒட்டினாற்போல இலைகள் இருக்கும், படர்ந்து ஓடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சமவெளியில் தேட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் புல்தரைகளில் வெள்ளைக் குளோவர் உண்டு. வெளியிலிருந்து வந்து ஊன்றியதுதான், ஆனால் இந்த வேலைக்கு அது போதும்.

வட அமெரிக்காவிலும் இது வந்தேறிதான். குடியேறியவர்களின் வைக்கோலோடும் தீவன விதையோடும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதனால் ரொறன்ரோவில் நான் "காட்டுக் குளோவர்" என்றால் "யாரும் விதைக்காமல் தானாக நிற்கிறது" என்ற பொருளில்தான் சொல்கிறேன். உண்மையான தாய்மண் ஐரோப்பாவும் மத்தியதரைக் கடற்கரைகளும் மேற்காசியாவும்.

இரண்டாம் படி: செடியின் கல்யாண வழக்கம்

இதைத் தாண்டிக்கொண்டு நேரே டிஎன்ஏ-வுக்கு ஓடினால் பின்னால் எந்த எண்ணும் புரியாது.

வெள்ளைக் குளோவரும் சிவப்புக் குளோவரும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதவை. சூல்முடியில் இருக்கும் ஒரு மரபணு இடம், விழுந்த மகரந்தம் தன்னுடையதா வேற்றாளுடையதா என்று பார்த்து, தன்னுடையது என்றால் அதன் குழாயை வளரவிடாது. டார்வின் இதை வலை போட்டுப் பார்த்தார். தேனீ வர விட்ட 20 வெள்ளைக் குளோவர் குஞ்சங்களில் 2,290 விதை, வலை போட்டு மறைத்த 20-இல் ஒன்றுகூட இல்லை. சிவப்பில் 100 குஞ்சத்துக்கு 2,700 விதை, மறைத்ததில் பூச்சியம். நியூசிலாந்துக்காரர்கள் இதை வேறு விதமாகக் கற்றுக்கொண்டார்கள். அங்கே சிவப்புக் குளோவர் நன்றாக வளர்ந்தது, விதைதான் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த நீளமான பூக்குழாய்க்குள் நாக்கு விடத் தோதான நீள்நாக்குக் குண்டுத் தேனீ அந்த நாட்டில் இல்லை. 1885-இல் இங்கிலாந்திலிருந்து குண்டுத் தேனீக்களைக் கப்பலில் கொண்டுபோய் கான்டர்பரியில் விட்டார்கள்.

இதனால் என்ன? ஒவ்வொரு விதையும் இரண்டு வேறு செடிகளின் கலப்பு. நெல்லில் ஒரு ரகம் என்றால் வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே செடியின் நகல். குளோவரில் ஒரு ரகம் என்பதே ஒரு கூட்டம். விதைக் கடைப் பையில் ஒரே பெயர் அச்சடித்திருக்கும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு விதையும் வேறு ஆள். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வருகிற மாதிரி எடுப்பு, கணக்கு, சேமிப்பு எல்லாம் ஏன் அப்படி என்று தானாகவே விளங்கும்.

அப்புறம் குரோமோசோம் கணக்கு. சிவப்புக் குளோவருக்கு 14, சாதாரண இருமடியம் (இரண்டு தொகுதிக் குரோமோசோம்). வெள்ளைக்கு 32, நான்மடியம் (நாலு தொகுதி). அதன் பிறப்புக் கதை எனக்கு மிகப் பிடித்தது. மேற்கு ஐரோப்பியக் கடலோரப் பாறைகளில் வாழ்கிற ஒரு குளோவரும், ஆல்ப்ஸ் போன்ற மலைகளின் உச்சிச் சரிவில் வாழ்கிற இன்னொரு குளோவரும் கலந்து பிறந்தது அது. இன்றைக்கு இவை இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வழியில்லாத தூரத்தில் இருக்கின்றன. கடைசிப் பனியுகத்தில், சுமார் 15,000 முதல் 28,000 ஆண்டுகளுக்கு முன், மலைச் செடிகள் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது இரண்டும் சந்தித்திருக்கின்றன. இதை 2019-இல் மரபுத்தொகுதியை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். கடலோரச் செடியும் மலைச் செடியும் இன்றும் குறுகிய இடங்களில் அடங்கிக் கிடக்கின்றன, பிள்ளை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

நான்மடியம் என்றாலும் பயப்பட வேண்டாம். கடலோரத்துக் குரோமோசோம் கடலோரத்தோடும், மலையுடையது மலையோடும்தான் சோடி சேர்கிறது. அதனால் ஒரு மரபணு இடத்தை மட்டும் பார்க்கும்போது பள்ளிக்கூட மெண்டல் கணக்கே போதும்.

மூன்றாம் படி: எங்கே எடுப்பது, எத்தனை எடுப்பது

என் முதல் கோடையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய விஞ்ஞானி மாதிரி ஒரு அடர்ந்த திட்டில் உட்கார்ந்து 20 இலை பறித்தேன். 20-இலும் இலை மேலிருக்கும் வெள்ளைக் கோடு ஒரே உயரம், ஒரே வளைவு. ஆறாம் படியில் வருகிற சோதனையும் போட்டேன், 20-உம் ஒரே விடை. "இந்த இடத்தில் வேற்றுமையே இல்லை" என்று எழுதியும் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அந்தத் திட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தால் எல்லாமே ஒன்றோ இரண்டோ செடிகளின் ஓடுதண்டுகள். ஒரே ஆளை 20 தடவை கணக்கெடுத்திருக்கிறேன்.

ஆகவே வெள்ளைக் குளோவரில் செடிக்குச் செடி குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி, முடிந்தால் 3 மீட்டர். ஓடுதண்டைக் கையால் தடவி எங்கே போகிறது என்று பாருங்கள். சிவப்புக் குளோவர் படராது, அதில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு இடத்துக்கு 20 செடி, கை முடிந்தால் 30.

இடங்களைத் தேர்வதில்தான் காட்டுச் செடி, பயிர்ச் செடி என்கிற கேள்வி வருகிறது. நான் மூன்று விதமாகப் பிரிப்பேன். ஒன்று, யாரும் விதைக்காத பழைய இடம். பழைய கல்லறைத் தோட்டம் மிகவும் நல்லது, 100 வருடமாக உழாமல் கிடக்கும். இரண்டு, விதைத்தது தெரிந்த இடம். மூன்று, கடையில் வாங்கிய விதையை நீங்களே தொட்டியில் முளைக்க வைப்பது. புதிதாகப் போட்ட வீட்டுத் திட்டங்களின் புல்தரையைக் "காட்டு" என்று எழுதிவிடாதீர்கள், புல்விதைக் கலவையிலேயே குளோவர் இருந்திருக்கலாம். பொதுப் பூங்காவில் எடுப்பதானால் நகரசபையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இலைதான் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எடுக்கிற கை தானாக அழகான, பெரிய இலைக்குத்தான் போகும். அதைத் தடுக்க ஒரு கயிறு கட்டி, 3 மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு மிக அருகில் இருக்கிற செடியை மட்டும் எடுங்கள், நோஞ்சான் செடியாக இருந்தாலும்.

நான்காம் படி: பறிப்பதும் பையில் போடுவதும்

ஒவ்வொரு செடியிலும் மூன்று நான்கு இளம் இலையோடு ஒரு துண்டு ஓடுதண்டு. ஒரு செடிக்கு ஒரு ஜிப் பை. பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதம் பைக்குள், அதே எண் பைக்கு வெளியிலும். நான் ஒருமுறை ஜெல் பேனாவால் எழுதி, ஐஸ் உருகி, 40 பையிலும் நீலத் தண்ணீர்தான் மிஞ்சியது. ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வாருங்கள், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், இரண்டு நாளுக்குள் சோதனை செய்யுங்கள். வீட்டு உறைபெட்டியில் போட்டால் இலைச் செல்கள் மெல்ல மெல்ல உடைந்து, ஆறாம் படியில் நாம் பார்க்க வேண்டிய சயனைட் வாயு முன்னாடியே கிளம்பிவிடும். டிஎன்ஏ எடுக்கிற எண்ணம் இருந்தால் தனியாக இரண்டு இலையைச் சிலிக்கா ஜெல் போட்ட பையில் காயவிடுங்கள். புதுக் காலணிப் பெட்டியில் வருமே, அதே சமாச்சாரம்தான், கொஞ்சம் அதிகமாக வேண்டும்.

ஐந்தாம் படி: காசில்லாத மரபியல், அந்த வெள்ளைக் கோடு

வெள்ளைக் குளோவர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிற்றிலையின் நடுவில் கவிழ்த்த வி போல ஒரு வெளிர் கோடு இருக்கும். சிலதில் அது இலை நடுவில், சிலதில் அடியோடு ஒட்டி, சிலதில் மேலே ஏறி நுனிக்குப் பக்கம், சிலதில் நடுவில் உடைந்து இரண்டு துண்டாக, சிலதில் சுத்தமாக இல்லை. சிலதில் சிவப்புப் புள்ளிகூட இருக்கும். இது வெயிலாலோ உரத்தாலோ வருவதில்லை. ஒரே மரபணு இடத்தின் பல மாற்றுருக்கள்தான், அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள்தான், வெள்ளைக் கோட்டின் இத்தனை கோலமும். கோடு இல்லாதது பின்னிடைவானது, இரண்டு பக்கமும் அதுவே வந்தால்தான் வெற்று இலை கிடைக்கும். இரண்டு வேறு கோடுகள் சேர்ந்த செடியில் சிலசமயம் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும்.

நோட்டில் ஐந்தாறு கோலங்களை வரைந்து வைத்துக்கொண்டு, 20 செடிக்கும் எது என்று குறியுங்கள். இளம் இலையும் கிழட்டு இலையும் வேண்டாம், நடுத்தர இலையைப் பாருங்கள். பூங்காவில் ஒரு மத்தியானம் போதும், கையில் உண்மையான மரபுத் தரவு இருக்கும்.

இந்தக் கோடுகள் சும்மா அலங்காரமா என்ற கேள்வியை வேல்ஸ் நாட்டில் பாங்கர் பல்கலைக்கழகத்து ஆட்கள் 1970-களில் எடுத்துக்கொண்டார்கள். ஆடு மேய்கிற ஒரே வயலில், ஆடுகள் எல்லாக் கோலத்தையும் ஒரே மாதிரி மேயவில்லை என்று பார்த்தார்கள். அதைவிட என்னைத் தூக்கிப் போட்டது 1979-இல் டர்கிங்டன், ஹார்ப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட வேலை. ஒரே பழைய மேய்ச்சல் நிலத்தில் நாலு விதப் புல் தனித்தனித் திட்டாக இருந்தது. ஒவ்வொரு புல்லுக்கும் நடுவில் வளர்ந்த குளோவரை எடுத்து, நாலு புல்லோடும் மாற்றி மாற்றி நட்டார்கள். தன் பழைய அயல்வீட்டுப் புல்லோடு நட்டபோதுதான் ஒவ்வொரு குளோவரும் நன்றாக வளர்ந்தது! ஒரே வயலுக்குள், சில மீட்டர் தூரத்துக்குள். இதைப் படித்த பிறகு "இந்த நாட்டுக் குளோவர்" "அந்த நாட்டுக் குளோவர்" என்று பேசுவதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

ஆறாம் படி: மரவள்ளியும் குளோவரும்

என் அம்மம்மா மரவள்ளி அவிக்கும்போது பானையை மூட விடமாட்டா. மரவள்ளி சாப்பிட்ட அன்றைக்கு இஞ்சித் தேநீர் கேட்டால் அடிதான். இஞ்சிக் கதை எப்படியோ, மூடாதே என்பதில் நியாயம் இருக்கிறது. மரவள்ளியில் லினமரின் என்றொரு பொருள் இருக்கிறது, செல் நசுங்கினால் அதிலிருந்து ஐதரசன் சயனைட் வாயு வரும். அதே லினமரின்தான் வெள்ளைக் குளோவர் இலையிலும். நத்தையும் தோலில்லா நத்தையும் கடித்த மாத்திரத்தில் கசந்து ஓட வைக்கிற ஏற்பாடு.

இது வேலை செய்ய இரண்டு மரபணுக்கள் வேண்டும். ஒன்று லினமரினைத் தயாரிக்க, அதை ஏசி என்பார்கள் (குளிரூட்டியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). இன்னொன்று அதை உடைக்கிற லினமரேஸ் நொதியைத் தயாரிக்க, அது எல்ஐ. லினமரின் செல்லின் நடுப்பையில், நொதி செல்சுவரில். பூச்சி கடித்து இரண்டும் கலந்தால்தான் வாயு. இரண்டு மரபணுக்களுக்கும் "இல்லை" என்ற மாற்றுரு உண்டு, அந்த இடத்தில் மரபணுவே நீங்கிப்போன வடிவம். "இருக்கிறது" ஆட்சியானது, ஒரு பக்கம் வந்தாலே போதும். ஆக ஒரு வயலில் நாலு வகைச் செடி: இரண்டும் உள்ளது, ஏசி மட்டும், எல்ஐ மட்டும், இரண்டும் இல்லாதது. முதல் வகைதான் சயனைட் விடும்.

சோதனை இப்படி. நசுக்கிய இலையைக் கொஞ்சம் தண்ணீரோடு 96 குழித் தட்டில் போட்டு, மேலே, சயனைட் பட்டால் நீலமாகிற ஃபைகல்-ஆங்கர் தாளை வைத்து, கனம் வைத்து அழுத்தி, 37 டிகிரி செல்சியஸில் மூன்று மணிநேரம் விடுவார்கள். சயனைட் வந்த குழிக்கு நேர் மேலே தாளில் நீல வட்டம் விழும். நீலம் விழாத செடிகளை விட்டுவிடாதீர்கள், அவற்றில் மூன்று வகை ஒளிந்திருக்கிறது. மறுபடி இரண்டு தட்டு: ஒன்றில் வெளியிலிருந்து லினமரின் சேருங்கள், நீலமானால் செடியிடம் நொதி இருக்கிறது. இன்னொன்றில் நொதியைச் சேருங்கள், நீலமானால் செடியிடம் லினமரின் இருக்கிறது. இரண்டிலும் வெள்ளையாகவே நின்றால் அது இரண்டும் இல்லாத செடி.

இங்கே கண்டிப்பாக ஒன்று சொல்லியாக வேண்டும். இலையிலிருந்து வருகிற சயனைட் மிகச் சொற்பம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது தாளுக்குத்தான். அதைச் செய்யக் குளோரோஃபார்மும், புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகிக்கப்படும் ஒரு வேதிப்பொருளும் வேண்டும். பழைய பாடப்புத்தகங்களில் சொல்கிற பிக்ரிக் அமிலத் தாள் இன்னும் மோசம், பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும். வீட்டுச் சமையலறையில் செய்யவே கூடாது. கல்லூரி ஆய்வுகூடத்தில், புகைபோக்கிப் பெட்டிக்குள், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். வழியில்லை என்றால் ஐந்தாம் படியின் கோடுகளே உங்களுக்குத் தாராளம்.

ஏழாம் படி: எண்ணாக்குவது

ஒரு உதாரணம் போடுவோம், எண்கள் நான் விளக்கத்துக்கு வைத்தவை. 20 செடியில் இரண்டும் உள்ளது 8, ஏசி மட்டும் 3, எல்ஐ மட்டும் 5, இரண்டும் இல்லாதது 4.

ஏசி இல்லாதவை 5 + 4 = 9. 20-இல் 9 என்பது 0.45. இவை இரண்டு பக்கமும் "இல்லை" வாங்கியவை, ஆகவே 0.45-இன் வர்க்கமூலம், அதாவது 0.67, "இல்லை" மாற்றுருவின் வீதம். மிச்சம் 0.33 "இருக்கிறது". ஒரு பக்கம் "இருக்கிறது", மறுபக்கம் "இல்லை" வாங்கிய கலப்புச் செடிகளின் எதிர்பார்ப்பு 2 × 0.33 × 0.67 = 0.44. அப்படியென்றால் ஏசி உள்ள 11 செடிகளில் ஏறக்குறைய 9 செடி உள்ளுக்குள் ஒரு "இல்லை"யைச் சுமந்துகொண்டு நிற்கிறது, இரண்டுதான் சுத்தமான இரட்டை. வெளியில் ஒன்றும் தெரியாது. எல்ஐ-க்கும் இதே வழி: இல்லாதவை 7, வீதம் 0.35, வர்க்கமூலம் 0.59.

இந்தக் கணக்கு செடிகள் தங்களுக்குள் தற்செயலாகக் கலக்கின்றன என்று வைத்துக்கொண்டு போடுவது. தன்னை ஏற்காத செடி, தேனீ ஓடித்திரிகிற வெளி என்பதால் குளோவருக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் 20 செடியில் 0.45 வந்தால் உண்மை 0.25-க்கும் 0.65-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இரண்டு பூங்காக்களுக்கு இடையில் 0.45, 0.50 என்று வந்ததை வைத்துக் கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள். நான் கிளம்பினேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எட்டாம் படி: வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது

சரி, எண் கிடைத்துவிட்டது. அது எங்கே சுவையாகிறது? 1954-இல் டாடே என்ற ஆய்வாளர் ஐரோப்பா முழுக்கக் காட்டு வெள்ளைக் குளோவர்களைச் சோதித்து, தென்மேற்கில் சயனைட் செடிகள் நிறைய, வடகிழக்கே போகப் போகக் குறைவு என்று காட்டினார். சனவரி மாதச் சராசரி வெப்பநிலையோடு அது ஒட்டிப்போனது, ஆல்ப்ஸில் மேலே ஏறினாலும் குறைந்தது. உறைபனியில் செல் உடைந்தால் செடியின் சொந்த விஷமே செடியைத் தாக்கும் என்பது அதற்கான பழைய விளக்கம். குளோவர் வட அமெரிக்காவுக்கு வந்து சில நூற்றாண்டுகளுக்குள் இங்கேயும் தெற்கில் அதிகம், வடக்கில் குறைவு என்று அதே சரிவு உருவாகிவிட்டது.

அப்புறம் நகரம். 2016-இல் ரொறன்ரோ, நியூயோர்க், பொஸ்டன், மொன்றியல் நாலிலும் கிராமப்புறத்திலிருந்து நகர நடுவுக்கு வரிசையாக எடுத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று நகரங்களில் நடுவுக்கு வர வர சயனைட் செடி குறைந்தது. நகரம் சூடு ஆயிற்றே, கூட வேண்டாமா? பனிக்காலத்தில் நகரத்தில் பனி சீக்கிரம் உருகிப்போகும், போர்வை இல்லாத தரை இரவில் அதிகமாகக் குளிரும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பனி நிறைய விழுகிற மொன்றியலில் அந்தச் சரிவு இல்லை. பிறகு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்திலிருந்து இதையே உலக அளவில் கிளப்பி, 26 நாடுகளில் 160 நகரங்களில் 1,10,000-க்கும் மேற்பட்ட செடிகளைச் சோதித்து, 2,000-க்கும் மேற்பட்டவற்றின் முழு மரபுத்தொகுதியையும் படித்து 2022-இல் வெளியிட்டார்கள். எல்லா நகரமும் ஒரே மாதிரி நடக்கவில்லை. வறட்சியும் சுற்றியிருக்கும் பசுமையும் எப்படி மாறுகின்றனவோ அதைப் பொறுத்துச் சரிவும் மாறியது. என் வீட்டுக்குப் பின்னால் நாய் மூத்திரம் போகிற செடியும் அந்தப் பெரிய கதையில் ஒரு புள்ளி என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

ஒன்பதாம் படி: பயிர் ரகத்தைப் பக்கத்தில் வைப்பது

காட்டுச் செடியில் வேற்றுமை நிறைய, பயிரில் குறைவு என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். கோதுமையிலோ தக்காளியிலோ அது சரி. குளோவரில் அவ்வளவு எளிதில்லை. ஒரு ரகத்தை உருவாக்கச் சில தேர்ந்த தாய்ச் செடிகளை, நாலைந்திலிருந்து இருபது வரை இருக்கும், ஒன்றாக நட்டுத் தேனீயை விட்டு ஒன்றோடொன்று கலக்க விடுகிறார்கள். தன்னை ஏற்காத செடியாதலால் தாய்கள் ரொம்பக் குறைந்தால் விதைப் பிடிப்பே படுத்துவிடும். பலன், ரகத்துக்குள்ளேயே பெரிய வேற்றுமை நிற்கிறது. டிஎன்ஏ குறிப்பான்கள் (செடிக்குச் செடி வேறுபடுகிற அடையாள இடங்கள்) வைத்துச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது, மொத்த வேற்றுமையில் பெரும்பகுதி கூட்டங்களுக்குள்ளே, கூட்டங்களுக்கு இடையே சிறுபகுதி.

ரகம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். இங்கிலாந்தின் கென்ட் பழைய மேய்ச்சல் நிலங்களில் தானாக நின்ற குட்டை இலைக் குளோவரின் விதைதான் "கென்ட் காட்டு வெள்ளை" என்ற பெயரிலேயே விற்றது. இத்தாலியின் போ சமவெளியிலிருந்து வந்த பெரிய இலை லடினோ இன்னொரு கோடி. லடினோவில் சயனைட் செடி அருமை, அதனால் தொட்டியில் முளைக்க வைத்து ஆறாம் படிச் சோதனை போட்டால் காட்டுக் கூட்டத்தோடு வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சிவப்புக் குளோவரில் சுவிட்சர்லாந்தின் மட்டன்க்ளே கதை நல்ல பாடம். விவசாயிகள் தங்கள் பண்ணையிலேயே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்துக்கொண்ட, மற்றதைவிடக் கூடுதல் வருடம் நின்று பலன் தருகிற நாட்டுவகை அது. உள்ளூர்க் காட்டுச் செடியிலிருந்து வந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். டிஎன்ஏ-வை ஒப்பிட்டபோது அது உள்ளூர்க் காட்டுச் செடியிலிருந்து தள்ளி, ஃபிளாண்டர்ஸ் பக்கமிருந்து விதையாக வந்த பயிர்க் குளோவரோடு போய் நின்றது. பெயரையும் ஊரையும் வைத்துப் பூர்வீகம் சொன்னால் இப்படித்தான்.

சிவப்பு ரகம் வாங்கும்போது அது இருமடியமா நான்மடியமா என்று பார்த்து வாங்குங்கள். குரோமோசோமை இரட்டிப்பாக்கி 28 ஆக்கிய ரகங்கள் நிறைய உண்டு, அவற்றின் இலை பெரிது. அவற்றைக் காட்டுச் செடியோடு நேரே ஒப்பிட்டால் கணக்கு பிழைக்கும். அந்த இரட்டிப்புக்குப் பயன்பட்ட கோல்கிசின் நம்முடைய கார்த்திகைப் பூவிலும் இருக்கிற நஞ்சுதான். தாராபுரம், மூலனூர் பக்கம் செங்காந்தளை விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அது.

ஒரு விதிவிலக்கு. ஆஸ்திரேலியாவின் நிலத்தடிக் குளோவர் தன்னைத் தானே ஏற்கிற செடி, காயை மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும். 1889-இல் தென் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் அருகே ஏமஸ் ஹவர்ட் என்ற விவசாயி இதைக் கவனித்து, பிறகு விதையாக்கி விற்றார். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்த களை அது. இதில் வேற்றுமை கூட்டத்துக்குள் குறைவு, இடத்துக்கு இடம்தான் அதிகம். ஆகவே மாதிரி எடுப்பதும் தலைகீழ்: ஒரு இடத்தில் சில செடி போதும், இடங்கள் நிறைய வேண்டும். 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் சில வகைகளை மேய்ந்த ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. இலையில் பெண் ஹார்மோன் போல நடிக்கிற பொருள் மிகுந்திருந்தது காரணம். அது குறைந்த வகைகளைத் தேடியபோது கைகொடுத்தது இந்த இடத்துக்கு இடம் வேற்றுமைதான்.

டிஎன்ஏ வேண்டுமென்றால்

சுருக்கமாகச் சொல்கிறேன், இது உங்கள் ஆய்வுகூடத்தைப் பொறுத்தது. முதல் முறை என்றால் சிவப்புக் குளோவரில் தொடங்குங்கள். இருமடியம், மரபுத்தொகுதியும் வெள்ளையின் பாதிக்கும் குறைவு. வெள்ளையில் நீங்கள் ஒரு இடத்தைத் தேடினால் கடலோரத் தாத்தாவின் பிரதியும் மலைத் தாத்தாவின் பிரதியும் சேர்ந்து வந்து நிற்கும். அதைக் கலப்பு என்று எண்ணிவிட்டால் எல்லாச் செடியும் கலப்பாகத் தெரியும். ஒரே ஒரு பிரதியில் மட்டும் ஒட்டுகிற குறிப்பான்களைத் தேர்ந்து, தெரிந்த தாய், பிள்ளைகளில் சோதித்த பிறகே கூட்டத்தில் இறங்க வேண்டும்.

கடைசிப் படி: விதையை வைப்பது

அளந்த கூட்டத்தைக் கையில் வைத்திருக்க விரும்பினால், ஆகஸ்ட்டில் குஞ்சம் பழுப்பாகிக் கவிழ்ந்த பிறகு எடுங்கள். ஒரு நல்ல செடியிலிருந்து கைநிறைய எடுப்பதைவிட 50 செடியிலிருந்து செடிக்கு இரண்டு குஞ்சம் எடுப்பது மேல். செடிவாரியாகத் தனி உறை, எண்ணிக்கை சமம். ஒரு செடியின் விதை அதிகமானால் அடுத்த தலைமுறையில் பாதிப்பேர் அதன் பிள்ளைகள்தான். நியூசிலாந்தின் பாமர்ஸ்டன் நோர்த்தில் உள்ள மார்கோ ஃபோர்ட் மையம் போன்ற விதை வங்கிகளில் புதுப்பிக்கும்போது, மற்றக் கூட்டத்து மகரந்தம் வராதபடி தனிமைப்படுத்தித் தேனீயை உள்ளே விட்டுத்தான் விதை எடுப்பார்கள். வீட்டில் அது நடக்காது, அதனால் நான் மறுபடி விதை எடுப்பதில்லை, முதல் விதையையே பத்திரமாக வைத்திருக்கிறேன்: நிழலில் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடி இறுகிய போத்தலில், உறைபெட்டிக்குள். காய்ந்த விதைக்கு உறைபெட்டி நல்லது, இலைக்குத்தான் ஆகாது.

முளைக்க வைக்கும்போது ஒரு வாரம் பார்த்துவிட்டு "செத்த விதை" என்று கொட்டிவிடாதீர்கள். குளோவர் விதையில் கல்லுத்தோல் உள்ளவை நிறைய, தண்ணீரே உள்ளே போகாது. நுண்ணிய மணல்தாளில் இரண்டு தேய் தேய்த்து ஊறப் போடுங்கள். தேய்க்காமல் முளைத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் மெல்லிய தோல்காரர்களை மட்டும் தேர்ந்தெடுத்தவர் ஆகிவிடுவீர்கள், கூட்டத்தில் ஒரு பக்கம் போய்விடும். என்னுடைய கல்லறைத் தோட்டத்து விதையில் 60 போட்டதில் தேய்க்காமல் முளைத்தது 14. மிச்சத்தைத் தேய்த்தபோது இன்னும் 39 வந்தது. அதில் ஒன்று நாலிலையோடு நிற்கிறது, இப்போது சன்னலோரத்தில்.